பழைய புரோப்பேன் கிரில் அடுப்புக்கு ரெகுலேட்டர் மாற்றிய அனுபவங்கள்

நீலச்சுடர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் புரோப்பேன் கிரில் அடுப்புக்கு 14 வயது ஆகிறது. அப்பா வாங்கிப் பயன்படுத்தியது. அவர் மறைந்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. மூன்று பர்னர்களும் கனமான வார்ப்பிரும்புத் தட்டுகளும் கொண்ட அந்த அடுப்பை ஒரு ரெகுலேட்டருக்காகத் தூக்கிப் போட மனம் வராததால், சென்ற வாரம் ரெகுலேட்டரை நானே மாற்றினேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இதே வேலையைச் செய்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் சொன்னால் பேருதவியாக இருக்கும், ஏனென்றால் என் வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

முன்பெல்லாம் மூடியை மூடிய கால் மணி நேரத்தில் 260 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும் வெப்பமானி முள், சென்ற ஆண்டிலிருந்து 130-ஐத் தாண்ட மறுத்தது. மூன்று பர்னர்களையும் முழுதாகத் திறந்தாலும் சுடர் விரல்நுனி உயரத்துக்கு மேல் எழவில்லை. சிலிண்டர் தீர்ந்துவருகிறதோ என்று நிரம்பிய சிலிண்டரை மாட்டிப் பார்த்தேன். அப்போதும் அப்படியேதான் இருந்தது. பர்னர்களைக் கழற்றித் துளைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்தும் பயனில்லை. பிறகு ஒருநாள் ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தபோது, ரெகுலேட்டரை ஒட்டிய இடத்தில் அதன் மேல்தோல் வறண்ட குளத்து மண்போல வெடித்திருந்தது கண்ணில் பட்டது. குழாயும் ரெகுலேட்டரும் ஒரே உறுப்பாக நெரித்துச் சேர்க்கப்பட்டவை என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

சிலிண்டரை மூடிக் கழற்றித் தள்ளி வைத்தேன். பர்னர் குமிழ்களைத் திறந்து, குழாயில் மிஞ்சியிருந்த வாயு காற்றோட்டத்தில் கலைந்துபோகும்வரை காத்திருந்து மீண்டும் மூடினேன். குழாயின் மறுமுனை, பர்னர் வால்வுகள் வரிசையாக அமர்ந்திருக்கும் குறுக்குக் குழாயில் ஒரு பித்தளை நட்டால் இணைந்திருந்தது. ஒரே ஸ்பேனரைப் போட்டு இழுத்தபோது நட்டு அசையவில்லை, குறுக்குக் குழாய்தான் முறுக்கிக்கொண்டது. உடனே கையை எடுத்துவிட்டேன்; அந்தக் குழாய் வளைந்தால் வால்வுகள் எல்லாம் இடம் மாறிவிடும். துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஒரு ஸ்பேனரால் குறுக்குக் குழாயின் முனையை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் நட்டைத் திருப்பியதும், சிறு கிறீச்சொலியுடன் அது விட்டுக்கொடுத்தது.

புதியதைப் பூட்டும்போது ஒரு தவறு செய்தேன். கசிவு வரக்கூடாதே என்ற எண்ணத்தில் மரையின்மேல் டெஃப்லான் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினேன். பாத்திரம் கழுவும் திரவத்தையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, சிலிண்டரை மட்டும் திறந்து, இணைப்பின்மேல் தூரிகையால் தடவிவிட்டுக் குனிந்து பார்த்தேன். நட்டின் கீழ்விளிம்பில் கடுகளவில் ஒரு குமிழி பிறந்து, மெல்லப் பருத்து, உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று பிறந்தது. மூக்கை அருகில் கொண்டுசென்றபோதுகூட நாற்றம் தெரியவில்லை. அந்தக் குமிழி இல்லையென்றால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

சிலிண்டரை மூடி, கழற்றி, டேப்பை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, உட்புறப் பித்தளைக் கூம்பைத் துணியால் துடைத்து மறுபடி பூட்டினேன். இம்முறை ஒரு குமிழிகூட எழவில்லை. ஆனால் பற்றவைத்துப் பார்த்தால், புது ரெகுலேட்டரிலும் சுடர் அதே விரல்நுனி உயரந்தான். வாங்கிய உறுப்பே பழுதா, அல்லது நான் எதையாவது தவறாகச் செய்கிறேனா என்று விளங்கவில்லை.

பித்தளைமரை:

நீலச்சுடர் ஐயா, எரிவாயு இணைப்பு வேலையில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் புது உறுப்பில் பழுது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அனைத்தும், ரெகுலேட்டரின் பாதுகாப்புத் தடை விழுந்துவிட்டதைக் காட்டுகின்றன. எனக்கு வரும் அழைப்புகளில் இதுவே அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிலிண்டருக்குள் புரோப்பேன் திரவமாக இருக்கிறது. அதன் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி என்பதால், வால்வைத் திறந்ததும் ஆவியாகி வெளியே வருகிறது. 20 டிகிரி வெப்பத்தில் அந்த ஆவியின் அழுத்தம் சுமார் 7 பார்; ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். 40 டிகிரியில் 12 பாரைத் தாண்டும். கடுங்குளிரில் மைனஸ் 20 டிகிரிக்குப் போனால் ஒன்றரை பாருக்கு இறங்கிவிடும். இப்படி ஏறி இறங்கும் அழுத்தத்தை எந்நேரமும் ஒரே அளவில் பர்னருக்குக் கொடுப்பதே ரெகுலேட்டரின் வேலை. பல கிரில் அடுப்புகளுக்கு அந்த அளவு 11 அங்குல நீர்மட்டம் (அவ்வளவு உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்), அதாவது சுமார் 27 மில்லிபார். சிலிண்டரில் இருப்பதில் இருநூற்று ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. அதன் மேற்புறம் ஒரு ஸ்பிரிங் அழுத்துகிறது, கீழ்ப்புறம் வாயு அழுத்துகிறது. பர்னர் திறந்து வாயு செலவானால் சவ்வு தாழ்ந்து, ஒரு நெம்புகோல் வழியாக நுழைவாயைத் திறக்கும். செலவு குறைந்தால் சவ்வு எழுந்து மூடும்.

இதற்கு மேலாக, சிலிண்டரில் கையாலேயே திருகிப் பூட்டும் பெரிய பிளாஸ்டிக் நட்டு உள்ள வகைகளில், நட்டின் நுனியில் ஒரு மிகைப்பாய்வுத் தடை இருக்கிறது. குழாய் அறுந்துபோனால் வாயு பீறிட்டுப் பாயும் அல்லவா? அந்த வேகத்தை உணர்ந்து, ஒரு நூலிழை வழியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அது அடைத்துவிடும். குழாய் அறுந்ததற்கும், பர்னர் குமிழ் திறந்திருக்கும்போது சிலிண்டர் வால்வைச் சடக்கென்று திருகியதற்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. இரண்டிலும் வெற்றுக் குழாய்க்குள் வாயு ஒரே வேகத்தில்தான் பாய்கிறது. ஒருமுறை அடைத்துக்கொண்டால், குழாய்க்குள் அழுத்தம் சமமாகும்வரை திறக்காது. பர்னர்கள் எரிந்துகொண்டிருக்கும்வரை அழுத்தம் சமமாகவே ஆகாது. அதனால்தான் உங்கள் முள் 130-இல் நிற்கிறது.

அடுப்பின் மூடியைத் திறந்து வையுங்கள். எல்லாப் பர்னர் குமிழ்களையும் மூடுங்கள், பக்க அடுப்பு இருந்தால் அதையும் மறக்காதீர்கள். சிலிண்டரை மூடி, நட்டைக் கழற்றி, சில நிமிடம் விட்டுவிடுங்கள். மறுபடி பூட்டிய பிறகு சிலிண்டர் வால்வைக் கால் சுற்று மட்டும் மிக மெதுவாகத் திறந்து, இருபது எண்ணும்வரை காத்திருந்து, அப்புறம் முழுதும் திறந்து, ஒரு பர்னரை மட்டும் பற்றவையுங்கள். சுடர் எழுந்து நின்றால் சிக்கல் தீர்ந்தது. அப்படியும் எழவில்லை என்றால் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டியிருக்கும்.

அளப்பதற்கு நான் இன்றும் பயன்படுத்துவது, யு வடிவில் வளைத்து ஒரு பலகையில் கட்டிய தெளிந்த பிளாஸ்டிக் குழாயும் அதில் பாதியளவு சாயத் தண்ணீருந்தான். ஒரு பர்னரை நகர்த்தி, அதன் நாசிலில் குழாயின் ஒரு முனையைப் பொருத்தி, மற்றப் பர்னர்களை எரியவிட்டுப் பார்ப்பேன். தண்ணீர் ஒரு பக்கம் 14 சென்டிமீட்டர் இறங்கி, மறுபக்கம் 14 சென்டிமீட்டர் ஏறி, இரண்டுக்கும் இடையே 28 சென்டிமீட்டர் (அந்த 11 அங்குலம்) வேறுபாட்டில் அசையாமல் நின்றால் அந்த ரெகுலேட்டர் நலமாக இருக்கிறது. பர்னர்களை மூடியதும் தண்ணீர் சற்று ஏறி நிற்க வேண்டும். நிற்காமல் ஊர்ந்து ஏறிக்கொண்டே போனால் உள்ளே வாய் சரியாக மூடவில்லை என்று பொருள், அதை அன்றைக்கே தூக்கி எறியச் சொல்லிவிடுவேன். இதைப் பழகாதவர்கள் தனியாகச் செய்ய வேண்டாம்.

டேப்பைப் பற்றி நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். கூம்பு உட்காரும் இணைப்பில் பித்தளையும் பித்தளையும் நேருக்கு நேர் பொருந்துவதுதான் அடைப்பு. மரை அவற்றை இழுத்துப் பிடிப்பதோடு சரி. இடையில் டேப் வந்தால் கூம்பு முழுதாக உட்காராது. குறுகிக்கொண்டே போகும் குழாய்மரை வேறு வகை. அதற்கு மட்டும் எரிவாயுவுக்குரிய மஞ்சள் டேப்பைச் சுற்றலாம்.

செம்பருத்தி:

என் அடுப்பு இன்னும் பழையது, சிலிண்டரின் வாய்க்குள்ளே செருகிப் பூட்டும் பித்தளை முனை கொண்டது. பித்தளைமரை அண்ணா சொன்ன பிளாஸ்டிக் நட்டு அதில் கிடையாது. அந்த முனை இடமரை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கழற்றுவதாக நினைத்துக்கொண்டு கால் மணி நேரம் முழு வலிமையோடு இறுக்கியிருக்கிறேன். ஸ்பேனர் வழுக்கி, பித்தளையின் மூலைகள் மழுங்கிய பிறகே, நட்டின் ஓரங்களில் சிறு வெட்டுத் தடங்கள் இருப்பதைக் கவனித்தேன். அந்தத் தடங்கள் இடமரையைக் குறிக்கும் அடையாளம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கடிகார முள்ளின் திசையில் திருப்பினால் கழலும், எதிர்த்திசையில் திருப்பினால் இறுகும். எரிவாயு இணைப்பில் வேறொன்றைத் தவறிப் பூட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இப்படி வைத்திருக்கிறார்கள்.

ரெகுலேட்டரைக் கழற்றி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோது, முனையில் இருந்த ரப்பர் வளையம் பாதி கிழிந்து உள்ளே மடங்கிக் கிடந்தது. அதிலிருந்துதான் சிலிண்டரைத் திறந்த ஒவ்வொரு முறையும் இலேசான நாற்றம் வந்திருக்கிறது. புரோப்பேனுக்கு இயல்பில் மணமில்லை, கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே அழுகல் நாற்றம் தரும் மெர்காப்டனைச் சேர்க்கிறார்கள் என்று படித்திருந்தும், "பழைய அடுப்பு என்றால் கொஞ்சம் வாடை வரத்தான் செய்யும்" என்று இரண்டு கோடைகாலம் சும்மா இருந்துவிட்டேன். அதை இன்று நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. அந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு படரும். காற்றில் 2 விழுக்காட்டைத் தாண்டினாலே ஒரு பொறி போதும். என் குழந்தைகள் அந்த அடுப்புக்கு அருகில் தரையில் உட்கார்ந்துதான் விளையாடுவார்கள்.

புதிய ரெகுலேட்டரைப் பிளாஸ்டிக் நட்டு வகையில் வாங்கினேன். அதை என் பழைய சிலிண்டரில் பூட்ட ஒரு இடைமுனை கிடைக்கும் என்றார்கள். அண்ணா, அப்படிச் செய்வது சரியா?

பித்தளைமரை:

வேண்டாம் அம்மா. இடைமுனை என்பது கசிவதற்கு இன்னுமோர் இணைப்பு. அத்துடன் அந்த வயதுச் சிலிண்டரில் மிகைநிரப்புத் தடுப்பு மிதவையும் இருக்காது. சிலிண்டரை 80 விழுக்காடுவரைதான் நிரப்ப வேண்டும். மீதி இடம், வெயிலில் திரவம் விரிவதற்கு வேண்டியது. அதற்கு மேல் நிரப்பினால் ஆவிக்குப் பதிலாகத் திரவமே ரெகுலேட்டருக்குள் புகும். ஒரு பங்கு திரவம் சுமார் 270 பங்கு ஆவியாக விரியக்கூடியது. சிலிண்டரையும் புதிய வகைக்கு மாற்றிவிட்டு, பழையதை நிரப்பும் நிலையத்திலேயே ஒப்படையுங்கள். பழைய சிலிண்டர் காலியாகத் தோன்றினாலும் அதில் வாயு இருக்கும், குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

மாலைநிழல்:

நான் செய்த தவறு வாங்கும்போதே நடந்தது. மரை பொருந்துகிறது, நட்டு பொருந்துகிறது, மேலே திருப்பிக் கூட்டிக் குறைக்கும் சிவப்புக் குமிழ் வேறு இருக்கிறது என்று, உயரழுத்த ரெகுலேட்டர் ஒன்றை வாங்கி வந்து மாட்டிவிட்டேன். அது பெரிய தனியடுப்புகளுக்கானது, ஒரு பாருக்கு மேலேயே தரக்கூடியது. என் அடுப்புக்கு வேண்டியதோ 27 மில்லிபார். முதல் பர்னரைப் பற்றவைத்தபோது சுடர் பர்னரை விட்டு எழும்பி, சீறிக்கொண்டு, தட்டுகளுக்கு மேலே ஒரு முழம் நின்றது. குமிழின் பின்னாலிருந்தும் நீல நிறத்தில் ஒரு சுடர் எட்டிப் பார்த்தது. நல்ல வேளையாக நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன். கையை நீட்டிச் சிலிண்டரை மூடிவிட முடிந்தது. அடுப்பின் வால்வுகளை அந்த அழுத்தம் பாழாக்கியிருக்கக் கூடும் என்பதால் அவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

மரை பொருந்துவது ஒரு சான்றே இல்லை என்பதை அன்று கற்றேன். அடுப்பின் பின்புறத் தகட்டில் பொறித்திருக்கும் அழுத்தமும், ரெகுலேட்டரின் முதுகில் பொறித்திருக்கும் வெளியழுத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். உலகெங்கும் இந்த அளவு ஒரேமாதிரி இல்லை. 28, 30, 37, 50 மில்லிபார் என்று இடத்துக்கு இடம் மாறுகிறது. வேறு நாட்டிலிருந்து கொண்டுவந்த அடுப்பு என்றால் இதை இருமுறை பாருங்கள். பர்னர்களின் மொத்த வெப்பத்திறனையும் கூட்டிப் பாருங்கள். தலா 12,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) கொண்ட மூன்று பர்னர்களும் அதே அளவுப் பக்க அடுப்பும் இருந்தால் மொத்தம் 48,000. ரெகுலேட்டரின் கொள்ளளவு அதற்குக் குறையக் கூடாது.

வலைப்பின்னல்:

ரெகுலேட்டரை மாற்ற வேண்டிய தேவையே இல்லாமல் மாற்றிய அனுபவம் என்னுடையது. சுடர் மஞ்சளாக, சோம்பலாக, காற்றில் அலையும் துணிபோல ஆடிக்கொண்டிருந்தது. நடுப் பர்னர் மட்டும் பாதிவரை எரிந்து நின்றுவிடும். அழுத்தம் போதவில்லை என்று முடிவு கட்டி, ரெகுலேட்டரைக் குழாயுடன் மாற்றினேன். எள்ளளவும் மாற்றமில்லை.

இதை எழுதும் காரணம், ரெகுலேட்டர் பழுதின் அடையாளம் எது, பர்னர் பழுதின் அடையாளம் எது என்பதை அன்று யாராவது எனக்குப் பிரித்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதுதான். எல்லாப் பர்னர்களிலும் சுடர் ஒரே அளவில், நீலமாகவே, ஆனால் தாழ்வாக இருந்தால் வாயு வரத்தில் குறை. ரெகுலேட்டரையோ அதன் தடையையோ பாருங்கள். ஒரு பர்னரில் மட்டும் கோளாறு என்றாலும், சுடர் மஞ்சளாகிப் புகை படிந்தாலும், காற்று சரியாகக் கலக்கவில்லை. ரெகுலேட்டரைக் குறை சொல்ல முகாந்திரமில்லை. சுடரின் நுனியில் மட்டும் சற்றே மஞ்சள் தெரிவது இயல்பு.

என் நடுப் பர்னரைக் கழற்றி, காற்றும் வாயுவும் கலக்கும் வெஞ்சுரிக் குழாயின் வாயில் கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு விரற்கடை தூரத்தில், பஞ்சைப் பிய்த்துத் திணித்ததுபோல வெண்மையான சிலந்திக் கூடு. வளையும் குழாய்த் தூரிகையை விட்டு இழுத்ததும் கூட்டோடு முட்டைகளும் உலர்ந்த இரண்டு பூச்சிகளும் வந்தன. சில வகைச் சிலந்திகளுக்கு அந்தக் குழாய் மிகவும் பிடித்தமான இடம். சுடர் கோணுவது மட்டுமே இதன் விளைவு இல்லை. வாய் அடைபட்டால் வாயு பின்னோக்கி வந்து, குமிழ்களுக்கு அருகே பற்றிக்கொள்ளும். இப்போது பல மாதம் சும்மா கிடந்த அடுப்பைத் தொடும்போதெல்லாம் முதலில் அந்தக் குழாய்களைத்தான் பார்க்கிறேன்.

மழைத்தாரை:

ரெகுலேட்டரின் முகத்தில் ஊசித்துளைபோல ஒரு மூச்சுத்துளை இருக்கும். சவ்வின் மேற்புறம் வெளிக்காற்றோடு தொடர்புகொள்ளும் வழி அது. என் அடுப்பில் அந்தத் துளை வானத்தைப் பார்த்தபடி பல ஆண்டுகள் இருந்திருக்கிறது. ஓர் இரவு மழை பெய்து மறுநாள் விடியலில் உறைகுளிர். பற்றவைத்தபோது சுடர் ஏறுவதும் இறங்குவதுமாக மூச்சு வாங்கியது, ரெகுலேட்டரிலிருந்து ஒரு ரீங்காரமும் கேட்டது. நண்பகல் வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிட்டது. துளையில் புகுந்த நீர் உறைந்து, சவ்வு அசைய இடமில்லாமல் போயிருந்ததுதான் காரணம்.

அந்தத் துளையைக் குச்சியாலோ ஊசியாலோ குத்தக் கூடாது, உள்ளே சவ்வு கிழிந்துவிடும். புதியதை மாட்டும்போது துளை கீழ்நோக்கி இருக்கும்படி திருப்பி வைத்தேன். அதில் சோப்புநீர் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டேன், ஏனெனில் சவ்வில் கீறல் விழுந்தால் வாயு வெளியேறும் முதல் வழி அதுதான்.

மூன்றாம்பர்னர்:

குழாய் போகும் பாதையைப் பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். என் பழைய குழாய் 60 சென்டிமீட்டர். மாற்றாக வாங்கியது 90 சென்டிமீட்டர். நீளம் கூடியது நல்லதுதானே என்று இருந்துவிட்டேன். மிஞ்சிய நீளம் தொங்கி, வளைந்து, கொழுப்பு சேரும் தட்டின் அடிப்புறத்தில் போய்ச் சாய்ந்திருக்கிறது. நான்காவது முறை பயன்படுத்தியபோது ரப்பர் கருகும் வாடை வந்தது. அணைத்துவிட்டுப் பார்த்தால், குழாயின் ஒரு பக்கம் உருகிப் பளபளத்தது. நகத்தால் அழுத்தியபோது பள்ளம் அப்படியே நின்றது. இன்னும் சில முறை பயன்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது. ஒரு மாதம்கூட ஆகாத குழாயை மறுபடி மாற்றினேன். இப்போது அடுப்பு நிற்கும் வண்டியின் காலோரமாக இரண்டு கொக்கிகள் பொருத்தி, குழாய் எந்தச் சூடான தகட்டையும் தொடாதபடியும், கூரான வளைவு இல்லாதபடியும் பிடித்து வைத்திருக்கிறேன். பக்க அடுப்புக்குப் பிரியும் கிளைக்குழாய் உள்ளவர்கள் அந்தக் கிளையையும் தடவிப் பாருங்கள், அது கண்ணுக்கு எளிதில் தெரியாத இடத்தில் போகும்.

நீலச்சுடர்:

அனைவருக்கும் நன்றி. பித்தளைமரை ஐயா சொன்னபடி இன்று காலை செய்தேன். சிலிண்டர் வால்வைக் கால் சுற்றுத் திறந்து இருபது எண்ணினேன். ஐந்தாம் எண்ணிக்கைக்குள் குழாய்க்குள் ஓடிய மெல்லிய இரைச்சல் அடங்கிவிட்டது. அந்த அமைதியை இதற்குமுன் நான் கவனித்ததே இல்லை, ஏனென்றால் பற்றவைக்கும்போது எப்போதும் குமிழைத் திறந்துவிட்டுத்தான் சிலிண்டரைத் திறந்திருக்கிறேன். பற்றவைத்ததும் சுடர் பர்னரின் முழு நீளத்துக்கும் ஒரே உயரத்தில் நீலமாக எழுந்து நின்றது. பன்னிரண்டாவது நிமிடத்தில் முள் 260-ஐத் தொட்டது. அப்பா நின்று பார்க்கும் இடத்தில் நின்று அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் பழைய ரெகுலேட்டர் நன்றாகத்தான் இருந்ததோ, வீணாக மாற்றிவிட்டேனோ என்ற கேள்வி மீதியிருந்தது. அதை மறுபடி சிலிண்டரில் மாட்டிப் பார்க்கத் துணிவில்லாததால், இரும்பு வெட்டும் ரம்பத்தால் விளிம்போடு அறுத்துத் திறந்தேன். உள்ளே தேன்நிறத்தில் எண்ணெய் போன்ற பிசுக்கு ஒரு தேக்கரண்டி அளவு தேங்கியிருந்தது. சவ்வைக் கையில் எடுத்தேன். ரப்பர் என்று சொல்ல முடியாதபடி விறைத்துப்போயிருந்தது. இரு விரல்களால் மடித்தபோது காய்ந்த இலைபோல ஒலித்தது. ஸ்பிரிங் உட்காரும் வட்டத்தைச் சுற்றிப் பிறைவடிவில் ஒரு கீறல். சூரியனுக்கு நேராகப் பிடித்தபோது அந்தப் பிறையின் நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. மழைத்தாரை சொன்ன மூச்சுத்துளை வழியாக எவ்வளவு நாளாக வாயு போய்க்கொண்டிருந்ததோ தெரியாது. சுடர் தாழ்ந்ததற்கு என் பழக்கம் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த உறுப்பை மாற்றியதற்காக இனி வருந்தமாட்டேன்.

அந்தப் பிசுக்கு என்னவென்று ஐயா நேரமிருக்கும்போது சொல்லுங்கள்.

பித்தளைமரை:

குழாயின் ரப்பரிலிருந்து கரையும் எண்ணெயும், வாயுவோடு சிறிதளவு வரும் கனமான கலவைகளும் சேர்ந்து குளிரும் இடத்தில் படிவதே அது. பல ஆண்டுகள் பழகிய ரெகுலேட்டர்களில் இதைக் கண்டிருக்கிறேன். சவ்வு விறைத்ததற்கு வயதும் ஒரு காரணம். பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் பலர் உண்டு. உங்களுடையது 14 ஆண்டு ஓடியிருக்கிறது. புதியதன் முதுகில் தயாரிப்புத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பொருத்திய தேதியை நீங்களே எழுதிவிடுங்கள்.

நீலச்சுடர்:

தேதி இருக்கிறது ஐயா, ஆனால் எழுத்து மிகச் சிறியது. வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் அதன் அருகில் பொருத்திய மாதத்தையும் ஆண்டையும் பெரிதாக எழுதிவிட்டேன். மூன்றாம்பர்னர் சொன்ன பிறகு குனிந்து பார்த்தால், என் புதுக் குழாயும் தட்டுக்கு நான்கு விரற்கடை தூரத்தில்தான் தொங்குகிறது. வரும் சனிக்கிழமை கொக்கிகள் பொருத்தப் போகிறேன். குழாயை அசைத்த பிறகு இரு முனைகளையும் மூச்சுத்துளையையும் மறுபடி சோப்புநீரால் சோதித்துவிட்டு எழுதுகிறேன்.